எழுபது ரூபாய் ரேடியோ: ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஒருவரை முதன்முதலாகச் சந்திக்கும்போது அவர் எதுவரை படித்திருக்கிறார் என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். அவருக்கு என்ன செய்யத் தெரியும் என்று கேட்போர் சிலரே. முதற் கேள்வியோடு நின்றுவிட்டால், மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்ட ஒரு கிராமத்துச் சிறுவனைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டாவது கேள்வியையும் கேட்டால் விடை நீண்டுகொண்டே போகும். பேருந்து, மின்மோட்டார், சவரக் கருவி, ரேடியோ, மோட்டார் கார், பருத்தி, பப்பாளி என்று அவர் கைவைக்காத துறை குறைவு. அவரே கோவை ஜி. டி. நாயுடு அவர்கள்.

அம்மாமனிதரின் வாழ்க்கையை எழுத நான் முனைந்ததற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரியில் சேர்ந்த அன்று படிவத்தில் குடும்பத்தினரின் கல்வித் தகுதி என்று ஒரு பத்தி இருந்தது. அப்பாவுக்குப் பத்தாம் வகுப்பு என்றும், அம்மாவுக்கு எட்டாம் வகுப்பு என்றும், தாத்தாவுக்கு ஐந்தாம் வகுப்பு என்றும் எழுதினேன். எழுதும்போது சற்றுக் கூச்சமாகவே இருந்தது. பக்கத்தில் நின்றவர் பார்த்துவிடக் கூடாதே என்று படிவத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

என் தாத்தா பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் மைக் செட் வைத்துத் தொழில் செய்தவர். மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, கல்யாணம், தெருக்கூத்து என்று எது நடந்தாலும் அவருடைய வால்வு ஆம்ப்ளிபயரும் இரண்டு ஹாரன்களும் மாட்டுவண்டியில் போய் இறங்கும். பிறகு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்கள் வந்தன. அவற்றுக்குப் பின் ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. தாத்தாவின் தொழில் மெல்ல மெல்லப் பரணில் ஏறிக்கொண்டது. அந்தப் பரணில், யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத ஐந்து வால்வு ரேடியோ ஒன்றும் கிடந்தது. பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. உள்ளே இருந்தவை அப்படியே இருந்தன. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அதிலிருந்து ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் செய்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். அந்த வேலையின் நடுவில்தான் ஜி. டி. நாயுடு அவர்கள் எனக்கு உண்மையில் அறிமுகமானார்.

பிரித்துப் பார்த்த கை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். உழவுக் குடும்பம். தாயை மிக இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரைப் பள்ளிக்கூடத்துக்கும் பிடிக்கவில்லை. வயலில் வேலை செய்துகொண்டு, கிடைத்த புத்தகங்களைத் தாமே படித்துக்கொண்டு வளர்ந்தார்.

இளமையில் அவர் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி நடந்தது. வருவாய்த் துறை ஆங்கில அதிகாரி ஒருவர் ஊருக்கு ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார். அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரட்ஜ் வண்டி. மாடும் இன்றிக் குதிரையும் இன்றி ஒரு வண்டி ஓடுவதைக் கண்டு ஊரே வியந்து நின்றது. வியந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இளைஞரான துரைசாமி மட்டும் அந்த வண்டியைத் தாமே வாங்கிவிடுவது என்று உறுதி கொண்டார்.

கையில் காசில்லை. கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டு எச்சில் இலையின் நடுவே நின்று சேர்த்த பணத்தில் அதே வண்டியை வாங்கினார். வாங்கியவர் அதில் ஊரைச் சுற்றிப் பெருமையடித்திருக்கலாம். அவரோ வண்டியைத் திருகு திருகாகக் கழற்றித் தரையில் பரப்பினார். ஒவ்வொரு உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று பார்த்தார். பிறகு திரும்பவும் பூட்டி ஓட்டினார். அவர் பயின்ற பொறியியல் கல்லூரி அந்த ஒரு வண்டிதான் என்று கூறினால் அது மிகையாகாது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு என் தாத்தா நினைவு வந்தது. தாத்தா முதன்முதலில் வாங்கிய ஆம்ப்ளிபயரை, வாங்கிய அன்று இரவே கழற்றிப் பார்த்தாராம். பாட்டி இதை இன்றும் குறையாகத்தான் சொல்லுவார்.

ஒரு பேருந்திலிருந்து

மோட்டார் சைக்கிளுக்குப் பின் நாயுடு அவர்கள் பருத்தித் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நன்றாகச் சம்பாதித்தார். அந்தப் பணத்துடன் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வாணிகத்தில் ஈடுபட்டு, சம்பாதித்ததை இழந்து திரும்பினார். தோல்வியும் அவருக்கு ஒரு பாடமாயிற்று. வாங்கி விற்பதைவிட, ஓடும் இயந்திரங்களோடு வாழ்வதே தமக்கு ஏற்றது என்று தேர்ந்தார்.

கோவையில் பெருந்தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருடைய திறமையைக் கண்டு உதவிக்கரம் நீட்டினார். அவ்வுதவியால் 1920 இல் நாயுடு அவர்கள் ஒரு பேருந்துக்கு உரிமையாளரானார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே, பழுதுபார்ப்பவரும் அவரே. சில ஆண்டுகளில் அந்த ஒரு வண்டி யு. எம். எஸ். என்று கொங்கு நாடு முழுதும் அறியப்பட்ட பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேரும் வண்டிகள் என்று பெயர் எடுத்தது. நிறுவனத்தின் பணிமனை பல இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கும் இடமாகவும் ஆயிற்று.

செல்வம் சேர்ந்த பின்னும் அவர் கை சும்மா இருக்கவில்லை. 1930களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றார். பிறர் அங்கே கோட்டைகளையும் கடைவீதிகளையும் பார்ப்பார்கள். அவர் தொழிற்சாலைகளைப் பார்த்தார். புகைப்படக் கருவியும் திரைப்படக் கருவியும் எப்போதும் அவருடன் சென்றன. 1936 ஜனவரியில் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியால் படமெடுத்தார்.

1937 இல் கோவை பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களுடன் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்யும் தொழிலைத் தொடங்கினார். இன்று கோவையின் பெயரைச் சொன்னாலே பம்பு செட்டும் மோட்டாரும் நினைவுக்கு வருகின்றன என்றால், அதற்கு விதை போட்டவர்களில் இவ்விருவரும் முன்வரிசையில் நிற்பவர்கள். நம் தருமபுரி மாவட்டத்தில் மழையை நம்பியிருக்கும் மேட்டுக்காடுகளில் கிணற்று மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்கும் ஒவ்வொருவரும் இந்தச் செய்தியை அறிந்திருக்க வேண்டும். உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் கொண்ட ரேஸண்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஏமாற்ற முடியாத வாக்குப் பதிவுக் கருவி என்று அவர் உருவாக்கியவற்றின் வரிசை நீளும்.

ஐந்து வால்வுகள்

இனி என் மனத்துக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். 1941 இல் நாயுடு அவர்கள், ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை எழுபது ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார்.

இதன் பெருமையை உணர அக்காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் 1924 இல் ஆர்வலர்கள் சிலர் கூடி ஒரு வானொலிக் கழகம் தொடங்கி ஒலிபரப்பினர். பணமின்மையால் அது 1927 இல் நின்றது. 1930 இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. ஆக, நாயுடு அவர்கள் அறிவித்தபோது தமிழ் ஒலிபரப்பு வானில் வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பிடித்துக் கேட்கும் பெட்டிதான் சாதாரண மக்கள் வீட்டில் இல்லை. ரேடியோ கடல் கடந்து வரும் பொருள். செல்வர் வீட்டுக் கூடத்தில் பூவேலை செய்த துணி போர்த்தி வைக்கும் பொருள். அதை உழவர் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அந்த எழுபது ரூபாயின் பொருள்.

ரேடியோவுக்கு எதற்கு ஐந்து வால்வு? தாத்தா வைத்திருந்த ரேடியோ 1960களைச் சேர்ந்தது. நாயுடு காலத்து வால்வுகளின் எண்கள் வேறு. ஆனால் இத்தகைய ஐந்து வால்வு ரேடியோக்களில் வேலைப் பங்கீடு பெரும்பாலும் ஒன்றே. முதல் வால்வு, வானிலிருந்து பிடித்த நிலையத்தின் அலைவரிசையை ஒரு நிலையான இடை அலைவரிசையாக மாற்றுகிறது. இரண்டாவது அதைப் பெருக்குகிறது. மூன்றாவது, அலையிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுத்து முதற்கட்டமாகப் பெருக்குகிறது. நான்காவது, ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுவூட்டுகிறது. ஐந்தாவது, வீட்டு மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி மற்ற நான்குக்கும் சோறு போடுகிறது. கடைசி மூன்றையும் மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அதுவே ஓர் ஆம்ப்ளிபயர். என் திட்டமும் அதுதான்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவை. உள்ளே சூடாக்கப்பட்ட எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பித் தகட்டை நோக்கி ஓடுகின்றன. இங்கிலாந்தின் பிளெமிங் 1904 இல் இரண்டு மின்வாய்களோடு இதைச் செய்தார். 1906 இல் அமெரிக்காவின் லீ டி பாரஸ்ட் நடுவே கம்பியாலான ஒரு கிரிட்டைச் சேர்த்தார். வாய்க்காலில் மடை வைப்பது போன்றது அது. மடைப்பலகையைச் சற்றே அசைத்தாலும் பாயும் நீரில் பெரிய மாற்றம் தெரிகிறதல்லவா? அவ்வாறே கிரிட்டில் சிறு மின்னழுத்தம் அசைந்தால் தகட்டில் பெரிய மின்னோட்டம் அசைகிறது. சிறு ஒலி பெரிதாகிறது. வியப்பு என்னவெனில், தாம் செய்த கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பது டி பாரஸ்டுக்கே முதலில் சரியாக விளங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஆம்ஸ்டிராங் போன்றோரே அதைத் தெளிவாக விளக்கினர். கை முன்னே சென்றது. கணக்குப் பின்னே வந்தது.

எழுபது ரூபாய் ரேடியோ நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வால்வுகளுக்கும் நாம் வெளிநாட்டையே எதிர்பார்த்திருந்தோம். 1954 இல் நிறுவப்பட்ட பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகே உள்நாட்டு வால்வுகள் நம் கடைகளில் புழங்கின. தாத்தாவின் ரேடியோவில் இருந்த நான்காவது வால்வின் மேல் அந்நிறுவனத்தின் முத்திரை இன்னும் அழியாமல் இருக்கிறது.

ஒரு துண்டு நாட்காட்டித் தாள்

என் ஆம்ப்ளிபயர் வேலை எளிதாகவே தொடங்கியது. மூன்றாவது வால்வு ஈ.பி.சி. 81, நான்காவது ஈ.எல். 84, ஐந்தாவது ஈ.இசட். 80. மூன்றும் நல்ல நிலையில் இருந்தன. பழைய கண்டன்சர்களை மட்டும் தூக்கி எறியச் சொன்னார் தாத்தா, புதியவை வாங்கினேன். தகட்டில் 250 வோல்ட் ஓடும். அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்னேற்றம் தங்கியிருந்து ஆளை உதறிவிடும். ஆகவே ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கிய பிறகே தொட வேண்டும், மின்சாரம் இருக்கும்போது ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது தாத்தாவின் சட்டம். பெண்பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று பாட்டி முணுமுணுத்தார். தாத்தா காதில் வாங்கவில்லை.

ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மட்டும் கருகியிருந்தது. அதை நானே சுற்றினேன். எனக்குக் கணக்குத் தெரியும். ஈ.எல். 84 க்கு 5,200 ஓம் சுமை வேண்டும். ஸ்பீக்கர் 4 ஓம். வகுத்தால் 1,300. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 36. ஆகவே முதன்மைச் சுற்று 2,880 என்றால் துணைச்சுற்று 80. மூன்று நாள் உட்கார்ந்து எண்ணி எண்ணிச் சுற்றினேன். இரும்புத் தகடுகளை, ஆய்வகத்தில் டிரான்ஸ்பார்மரில் பார்த்தபடி ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக மாற்றி மாற்றி அடுக்கினேன்.

காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாயனத்தைச் செல்பேசியிலிருந்து ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்தேன். ஒலி வந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தாத்தாவோ முகத்தைச் சுளித்தார். தவிலின் வலந்தலை கேட்கிறது, தொப்பி எங்கே என்றார். உண்மைதான். இடப்பக்கத்துக் கனத்த நாதம் காணவே இல்லை. ஒலியைக் கூட்டினால் எல்லாம் கரகரத்தது. மறுபடி கணக்குப் போட்டேன். கணக்கில் பிழை இல்லை. இரண்டு நாள் தூக்கம் இல்லை.

மூன்றாம் நாள் தாத்தா டிரான்ஸ்பார்மரைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு இப்போது கண் மங்கல், விரலால்தான் பார்க்கிறார். தகடுகளின் ஓரத்தைத் தடவியவுடன் சிரித்தார். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். ஈ வடிவத் தகடுகளை எல்லாம் ஒரே பக்கமாகவும், ஐ வடிவத் தகடுகளை எல்லாம் எதிர்ப்பக்கமாகவும் அடுக்க வைத்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முந்தைய நாள் தாளைக் கிழித்து, இரண்டாக மடித்து, இரண்டு அடுக்குக்கும் நடுவே வைத்து இறுக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். இரும்புக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன விளக்கம்.

மீண்டும் நாயனம் வைத்தேன். தொப்பி வந்துவிட்டது. மண்சுவரில் கைவைத்தால் அதிர்வு தெரிந்தது.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. இந்த வகை ஆம்ப்ளிபயரில் முதன்மைச் சுற்று வழியே 48 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2,880 சுற்றுகளோடு பெருக்கினால் 138 ஆம்பியர் சுற்றுகள். இரும்பு அதிலேயே காந்தத் தெவிட்டு நிலையை அடைந்துவிடுகிறது. பிறகு பாட்டுக்கு அங்கே இடமில்லை. தாளின் கனமளவு இடைவெளி அந்த நிலைத்த காந்தப் பாயத்தைக் குறைத்து, இரும்பைத் தெவிட்டாமல் காக்கிறது. ஆய்வகத்து டிரான்ஸ்பார்மரில் நேர்மின்னோட்டம் ஓடாததால் அங்கே இடைவெளி தேவைப்படவில்லை. மூச்சு என்று தாத்தா சொன்னதும், தெவிட்டு நிலை என்று என் புத்தகம் சொல்வதும் ஒன்றே. மறுநாள் தாத்தாவுக்கு இதை விளக்கினேன். நாற்பது ஆண்டுகளாகச் செய்துவந்த ஒன்றின் காரணத்தை முதன்முறையாகக் கேட்ட அவர், மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பட்டம் பற்றிய வழக்கு

நாயுடு அவர்களின் வாழ்க்கையில் என்னை உறுத்திய ஒரு பகுதி உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

1944 இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து அவர் விலகினார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கும், தொழிலாளர், எளிய மக்கள் ஆகியோரின் நலத்துக்கும் பொருளுதவி அறிவித்தார். 1945 இல் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. அக்கல்லூரியே வளர்ந்து இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாகக் கோவையில் விளங்குகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் ஒரு பொறியியற் கல்லூரிக்கே முதல்வராகப் பொறுப்பேற்றார் என்பது எண்ணி மகிழத் தக்கது.

ஆனால் அவர் அங்கு நெடுங்காலம் இருக்கவில்லை. பொறியியல் கற்க நான்காண்டு எதற்கு, இரண்டாண்டே மிகுதி என்பது அவர் கொள்கை. மாணவரைப் பட்டறையில் நிறுத்தினால் வேகமாகக் கற்பார்கள் என்று நம்பினார். அரசு உடன்படவில்லை. அவர் விலகிக்கொண்டார். பட்டங்களின் மேல் அவருக்கு மதிப்பில்லை என்பதை அவர் கடைசிவரை மறைத்ததில்லை.

இதைப் படித்த அன்று எனக்குச் சினமே வந்தது. என் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவுப் பணி பார்த்து அனுப்பும் பணத்தில்தான் நான் படிக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இந்தப் பட்டம் அலங்காரம் இல்லை. அடுத்த தலைமுறை ஏறிவர ஒரு படி. நாயுடு அவர்களுக்குக் கைத்திறனோடு துணிவும் வணிக அறிவும் இருந்தன. அதே கைத்திறன் கொண்ட என் தாத்தா, காலம் மாறியதும் கூலி வேலைக்குப் போனார். கையில் சான்று ஒன்றும் இல்லாதவரை வேறு எந்த வாசலும் உள்ளே அழைக்கவில்லை. எல்லோரும் நாயுடு ஆகிவிட முடியாது. ஆக முடியாதவர்களுக்குப் பட்டம் வேண்டும்.

எனினும், நாட்காட்டித் தாளை நினைக்கும்போது அவர் சொன்னதன் மறுபாதியும் எனக்கு விளங்குகிறது. இரண்டாண்டா நான்காண்டா என்பதை விடுவோம். வர்க்கமூலம் போடத் தெரிந்த நான், இரும்பைத் தொட்டுப் பார்க்காமலே அதைப் படித்து முடித்துவிட்டேன் என்று எண்ணியிருந்தேன். தொட்டறிந்த தாத்தாவோ, காரணத்தைக் கேட்க ஆளின்றி நாற்பது ஆண்டு இருந்துவிட்டார். எங்கள் இருவரையும் ஒரே விளக்கின் கீழ் உட்கார வைத்தது அந்தக் கருகிப்போன டிரான்ஸ்பார்மர்தான். நாயுடு அவர்கள் கட்ட நினைத்த கல்லூரியும் அப்படிப்பட்டதாகவே இருந்திருக்கும் என்று இப்போது எண்ணுகிறேன்.

முடியாதவையும் முடிந்தவையும்

1952 இல் இருவர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும்படி உருவாக்கினார். அதை உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிடைக்கவில்லை. எழுபது ரூபாய் ரேடியோவைப் போலவே இரண்டாயிரம் ரூபாய்க் காரும் மக்கள் கைக்கு வரவில்லை. வேறொருவராக இருந்தால் சோர்ந்திருப்பார். அவரோ வயலுக்குச் சென்று பருத்தியிலும் சோளத்திலும் பப்பாளியிலும் புதுவகைகளை வளர்த்தார். சர் சி. வி. ராமன் போன்ற விஞ்ஞானிகள் அவரை வியந்து போற்றினர். இந்தியாவின் எடிசன் என்று மக்கள் அழைத்தனர். கோவையில் நிலையான தொழிற்காட்சி ஒன்றை ஏற்படுத்தி, இயந்திரங்களை மாணவர் கண்முன் வைத்தார். 1974 ஆம் ஆண்டு ஜனவரி 4 ஆம் நாள், எண்பதாம் வயதில் மறைந்தார்.

அப்பாவைப் பார்க்கத் திருப்பூர் சென்றபோது, அவரையும் அழைத்துக்கொண்டு கோவைக்குப் போய் அந்தக் காட்சியைப் பார்த்துவந்தேன். அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடு அவர்களின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஒற்றைப் பேருந்தோடு தொடங்கியவரின் பெயரின் மேல் இன்று எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்த கருவிகளை அப்பா நெடுநேரம் பார்த்தார். தாத்தாவையும் கூட்டி வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஆம்ப்ளிபயர் ஐந்து வாட்டுக்கும் குறைவாகவே தருகிறது. இன்றைய சிறிய பெட்டி ஒன்று இதைவிட உரக்கப் பாடும். அளந்து பார்த்தால் சுத்தமாகவும் பாடும். வால்வின் ஒலியே உயர்ந்தது என்று வாதாட நான் வரவில்லை. மாலையில் விளக்கு வைத்த பிறகு சுவிட்சைப் போட்டால், அரை நிமிடம் ஒன்றும் கேட்காது. வால்வுக்குள் மெல்லச் செந்நிறம் ஏறும். பிறகு நாயனம் எழும். அந்த அரை நிமிடம் தாத்தா கண்ணை மூடிக் காத்திருப்பார். முன்பு எத்தனையோ ஊர்ப் பண்டிகைகளில் அவர் அவ்வாறு காத்திருந்திருப்பார்.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் கிணற்று மோட்டார் கட்டுபவர், கொல்லுப்பட்டறை வைத்திருப்பவர், தறி சரிசெய்பவர் என்று கைவழி அறிவு படைத்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாம் வகுப்பில் எழுதும் சமன்பாடுகளின் ஒரு பாதி அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. விடுமுறையில் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர்கள் செய்வதைக் கற்றுக்கொண்டு, அதன் காரணத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கல்லூரிப் படிவத்தை இப்போது மறுபடி நிரப்பச் சொன்னாலும் தாத்தாவுக்கு ஐந்தாம் வகுப்பு என்றுதான் எழுதுவேன். கையால் மறைக்க மாட்டேன்.